ஸ்டெப் ஃபைல் அனுப்பியிருக்கேன், பாத்துக்கங்க

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கொஞ்சம் டெக்னிக்கல் சமாச்சாரம். மெக்கானிக்கல் மக்கள் நிமிர்ந்து உட்காருங்கள். மற்றவர்களுக்குக் கொட்டாவி வந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், நடுவில் ஏரோப்ளேன், பட்டுப்புடவை, ஃபிரெஞ்சுக் கார் எல்லாம் வருகிறது.

திருவள்ளூர், காக்களூர், அம்பத்தூர், கும்மிடிப்பூண்டி என்று எந்தப் பக்கம் போனாலும் சரி, ஒரு சின்ன சி.என்.சி. பட்டறைக்குள் நுழைந்து, கம்ப்யூட்டர் இருக்கும் மூலையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் இந்த வாக்கியம் காதில் விழுந்துவிடும்: "சார், ஸ்டெப் ஃபைல் அனுப்பியிருக்கேன், பாத்துக்கங்க." போனில் பேசுபவர் ஏதோ ஒரு பெரிய கம்பெனியின் டிசைன் ஆள். இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருப்பவர் பட்டறையின் புரோகிராமர். அந்தப் "பாத்துக்கங்க"வில்தான் விஷயமே இருக்கிறது. ஃபைலில் வராததை எல்லாம் நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம்.

நமக்கு டிசைன் சாஃப்ட்வேர் ஒரு பேப்பராக வருகிறது, சி.என்.சி. இன்னொரு லேபாக வருகிறது. வெளியே காசு கட்டிப் படிக்கும் கோர்ஸ்களிலும் அப்படித்தான், சாஃப்ட்வேர் பெயரைச் சொல்லி சர்டிஃபிகேட் கொடுக்கிறார்கள். ஒன்றில் வரைந்தது இன்னொன்றுக்கு எப்படிப் போகிறது, போகிற வழியில் என்ன தொலைகிறது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. பட்டறைக்குப் போனால் முதல் நாளே அதுதான் வேலை.

எங்கள் ஊர் பள்ளிப்பட்டு. திருவள்ளூர் மாவட்டத்தின் மூலை, கொஞ்ச தூரம் போனால் ஆந்திரா. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி எல்லையைத் திருத்தியபோதுதான் திருத்தணியோடு சேர்ந்து எங்கள் பகுதி சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. எல்லை மாறியதே தவிர வாய் மாறவில்லை. கடையில் ஒருவர் தெலுங்கில் விலை கேட்பார், கடைக்காரர் தமிழில் சொல்வார், வியாபாரம் முடிந்துவிடும். கிலோ எத்தனை, ரூபாய் எத்தனை என்பது எந்த மொழியிலும் சரியாகப் போய்ச் சேரும். ஆனால் ஒருவர் தெலுங்கில் அடிக்கும் கிண்டலை இன்னொருவருக்குத் தமிழில் சொல்லிப் பாருங்கள், பாதிதான் போகும். டிசைன் ஃபைலும் அப்படித்தான். நம்பர் போகும், உள்ளர்த்தம் போகாது.

எப்படி என்று பார்ப்போம். ஒவ்வொரு டிசைன் சாஃப்ட்வேருக்கும் உள்ளே ஒரு கணித எஞ்சின் இருக்கிறது, அதைக் கெர்னல் என்பார்கள். சாலிட்வொர்க்ஸுக்கும் என்.எக்ஸுக்கும் பாராசாலிட். கேட்டியாவுக்கு அதன் சொந்தக் கெர்னல். ஏசிஸ் என்று இன்னொன்று. நாம் ஒரு பிளாக் வரைந்து, அதில் ஒரு ஓட்டை போட்டு, ஓரத்தை வளைத்தால், சாஃப்ட்வேர் அந்த வரிசையையே நினைவில் வைத்துக்கொள்ளும். நாளைக்கு ஓட்டையின் அளவை மாற்றினால் பின்னால் வருவதெல்லாம் தானாக மாறும். அந்த வரிசை அந்தந்தக் கம்பெனியின் சொந்தச் சரக்கு, அடுத்தவருக்குப் புரியாது. ஆகவே வெளியே அனுப்பும்போது கடைசியில் வந்த உருவத்தை மட்டும் அனுப்புகிறார்கள். சாம்பார் வரும், சமையல் குறிப்பு வராது. நம்ம ஆட்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'டம்ப் சாலிட்'. ஊமைத் திண்மம் என்று தமிழாக்கலாமோ? வேண்டாம், விட்டுவிடுங்கள்.

இந்தப் பொதுமொழி வேலையை முதலில் தொடங்கியது 1979ல். அமெரிக்காவில் போயிங், ஜெனரல் எலக்ட்ரிக், அந்நாட்டு அரசின் தர அளவை நிறுவனம் எல்லாம் சேர்ந்து ஐஜெஸ் என்று ஒரு ஃபைல் வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். 1980ல் முதல் வெளியீடு, 1981ல் அது அமெரிக்கத் தரமாகவே ஆகிவிட்டது. ஒரு ஐஜெஸ் ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். ஒவ்வொரு வரியும் சரியாக 80 எழுத்து. 73ஆவது இடத்தில் இது ஃபைலின் எந்தப் பகுதி என்று சொல்லும் ஒரு ஆங்கில எழுத்து. ஏன் 80? அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்குத் தீனி போட்ட ஓட்டை அட்டையில் 80 பத்திதான். அட்டை போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது, அதன் அளவு மட்டும் ஃபைலுக்குள் இருக்கிறது. நேர்கோட்டுக்கு எண் 110, வட்ட வில்லுக்கு 100, வளைந்த பரப்புக்கு 128 என்று எல்லாவற்றுக்கும் ஒரு நம்பர்.

ஐஜெஸ் பற்றிப் பழைய புரோகிராமர்களிடம் கேட்டால் முகம் சுளிப்பார்கள். காரணம் இடைவெளி. பெரும்பாலான ஐஜெஸ் ஃபைல்களில் பொருள் முழுசாக வராது, அதன் தோல் மட்டும் துண்டுதுண்டாக வரும். தையல் போடாத சட்டை மாதிரி. வாங்குகிறவர்தான் துண்டுகளைச் சேர்த்துத் தைக்க வேண்டும். ஓரம் ஓரத்தோடு பொருந்தினால் பரவாயில்லை. பொருந்தாது. அனுப்பிய சாஃப்ட்வேர் 0.01 மில்லிமீட்டர் இடைவெளியை "ஒட்டியாச்சு" என்று எண்ணியிருக்கும், வாங்கும் சாஃப்ட்வேர் 0.001 வரை கேட்கும். அதன் கண்ணுக்கு எல்லாமே விரிசல். அந்த விரிசலோடு டூல் பாத் போட்டால், சில சமயம் கட்டர் அந்த இடத்தில் உள்ளே இறங்கி ஒரு கோடு போட்டுவிட்டு வரும். அச்சு வேலையில் அந்தக் கோடு ஒன்றே போதும், மோல்டு போச்சு.

ஏன் சரியாகப் பொருந்தாது, சாஃப்ட்வேர் எழுதியவர்கள் சோம்பேறிகளா என்றால், இல்லை. கணக்கே அப்படி. நாம் சர்வசாதாரணமாகப் பயன்படுத்தும் மூன்றாம் படி வளைபரப்பு இரண்டு ஒன்றை ஒன்று வெட்டினால், அந்த வெட்டுக்கோட்டின் படி 324 வரை போகும். மூன்றுக்கு மூன்று, வெட்டினால் முந்நூற்று இருபத்து நாலு! அதை அப்படியே ஒருவரும் எழுதி வைக்க முடியாது. எல்லா சாஃப்ட்வேரும் கிட்டத்தட்ட ஒரு கோட்டைப் போட்டுவிட்டு "இவ்வளவு பிசகு பரவாயில்லை" என்று வைத்துக்கொள்கிறது. எவ்வளவு பிசகு என்பதில்தான் ஆளுக்கு ஒரு கணக்கு.

இந்த வளைவுக் கணக்குக்கும் நம் மாவட்டத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. எல்லோரும் பெஸியே வளைவு என்றுதான் படிக்கிறோம். ரெனோ கம்பெனியில் இருந்த பியர் பெஸியே 1960களில் அதை வெளியே எழுதினார், அவர் பெயர் நின்றுவிட்டது. ஆனால் 1959லேயே அதே விஷயத்தைப் போட்டு முடித்தவர் சிட்ரோயன் கம்பெனியில் இருந்த பால் தெ காஸ்டல்ஜோ என்ற கணக்கு ஆள். கம்பெனி அதை ரகசியம் என்று பூட்டி வைத்துவிட்டது. பாவம் மனுஷன். அந்த சிட்ரோயனின் கார்கள் இப்போது வருவது எங்கிருந்து தெரியுமா? நம்ம திருவள்ளூரிலிருந்து. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் செய்த தொழிற்சாலை அது. 2021ல் சி5 ஏர்கிராஸ், 2022ல் சி3 என்று அங்கிருந்து வந்தன. ரயிலில் திருவள்ளூரைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு தெ காஸ்டல்ஜோ நினைவுதான். (சரி, எப்போதும் இல்லை. உட்கார இடம் கிடைத்தால் மட்டும்.)

நிற்க. ஐஜெஸ் போதாது என்று 1984ல் உலக அளவில் உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்து, பத்து வருஷம் யோசித்து, 1994ல் கொண்டுவந்ததுதான் ஸ்டெப். ஐ.எஸ்.ஓ. 10303 என்பது அதன் எண். இதையும் நோட்பேடில் திறக்கலாம். மேலே யார் செய்தது, எந்த சாஃப்ட்வேர், எந்தத் தேதி என்ற விவரம். கீழே ஆயிரக்கணக்கான வரிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். 45ஆம் வரி ஒரு புள்ளி. 46ஆம் வரி ஒரு திசை. 47ஆம் வரி 45ஐயும் 46ஐயும் வைத்து ஒரு கோடு. இப்படி ஒன்று இன்னொன்றைக் கைகாட்டி, கோடு ஓரமாகி, ஓரம் பரப்பாகி, பரப்பு எல்லாம் சேர்ந்து மூடிய ஒரு கூடாகி, கடைசியில் ஒரு திண்மம். ஐஜெஸ் மாதிரி வெட்டிய துணி இல்லை, தைத்த சட்டை. எந்த ஓரம் எந்த இரண்டு பரப்புக்குப் பொது என்பதும் ஃபைலிலேயே இருக்கிறது. நீளத்தின் அலகு மில்லிமீட்டரா, இஞ்சா என்பதும் இருக்கிறது. எவ்வளவு இடைவெளியை மன்னிக்கலாம் என்றுகூட ஒரு வரி இருக்கிறது!

அலகு சொல்வது பெரிய விஷயமா என்று கேட்காதீர்கள். 3டி பிரிண்டர்காரர்கள் கொண்டாடும் எஸ்.டி.எல். ஃபைலில் அலகே கிடையாது. 1987ல் வந்தபோதே அப்படித்தான் வந்தது. வெறும் முக்கோணங்கள், வெறும் நம்பர்கள். அனுப்பியவர் 1 இஞ்ச் என்று நினைத்து 1 போட்டால், வாங்குகிறவருக்கு அது 1 மில்லிமீட்டர். 25.4 மடங்கு சிறுத்துப்போய் திரையில் எறும்பு மாதிரி நிற்கும். அது தேவலை, எறும்பு என்று கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாமல் போனதுதான் 1999 செப்டம்பரில் செவ்வாய்க் கிரகத்துக்கு நாசா அனுப்பிய கலம். ஒரு சாஃப்ட்வேர் பவுண்டில் எழுதிய நம்பரை இன்னொன்று நியூட்டன் என்று படித்தது. கலம் போயே போச்சு.

எஸ்.டி.எல். முக்கோணத்தில் இன்னொரு வம்பு, வட்டம் வட்டமாக இருக்காது. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தை 0.01 மில்லிமீட்டருக்குள் பிசகு இருக்கும்படி நேர்கோடுகளாக உடைத்தால் சுமார் 157 கோடுகள் வரும். 0.001 வேண்டும் என்றால் 500ஐ நெருங்கும். அதைக் கொண்டுவந்து மெஷினிங் பண்ணச் சொன்னால் பட்டறைக்காரர் கையெடுத்துக் கும்பிடுவார். பிரிண்டருக்குச் சரி, மில்லிங்குக்கு வேண்டாம்.

இப்போது உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். ஸ்டெப் இவ்வளவு நல்லது என்றால் அப்புறம் என்ன பிரச்சினை?

இன்பிளாண்ட் ட்ரெயினிங்குக்காக நான் போன பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். பட்டறை பெயரும் வேண்டாம், ஆர்டர் கொடுத்தவர் பெயரும் வேண்டாம். அலுமினியத்தில் ஒரு பிளேட். ஸ்டெப் ஃபைல் மட்டும் மெயிலில் வந்தது. அதில் 6.8 மில்லிமீட்டர் ஓட்டை சில, 8 மில்லிமீட்டர் ஓட்டை சில. நான் 6.8ஐப் பார்த்து இது என்ன விசித்திர அளவு என்று முழித்துக்கொண்டிருந்தேன். புரோகிராமர் அண்ணன் சிரித்துக்கொண்டே, "6.8னா எம்8 டேப்பு தம்பி. மரை மாடல்ல வராது, அடி ஓட்டைதான் வரும்" என்றார். டிசைன் ஆளின் திரையில் அது மரை போட்ட ஓட்டையாகத்தான் அழகாகத் தெரிந்திருக்கும். பெரும்பாலும் அந்த மரை திரையில் ஒட்டிய படம்தான், நிஜ வடிவம் இல்லை. ஸ்டெப்பாக மாற்றும்போது படம் உதிர்ந்து ஓட்டை மட்டும் மிஞ்சும். அண்ணன் அனுபவசாலி, அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

8 மில்லிமீட்டர் ஓட்டையை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. எல்லாம் 8.000. பாதி சும்மா போல்ட் நுழைகிற ஓட்டை, ட்ரில் போட்டால் போதும். மீதி பாதி டவல் பின் உட்காரும் ஓட்டை, ஹெச்7 வேண்டும். அதாவது 8.000க்கும் 8.015க்கும் நடுவில் நிற்க வேண்டும், ரீமர் போட்டே ஆக வேண்டும். ஃபைலுக்கு இரண்டும் ஒன்றுதான். "டிராயிங் அனுப்புங்க சார்" என்று போன் பண்ணிக் கேட்டார்கள். "மாடல்லயே எல்லாம் இருக்கு சார், அவசரம், ஆரம்பிச்சிடுங்க" என்று பதில் வந்தது. ஆரம்பித்தார்கள். மூன்று நாள் கழித்து பி.டி.எஃப். டிராயிங் வந்தது, ஹெச்7 என்று தெளிவாகப் போட்டு. அதற்குள் 30 பீஸ் முடிந்திருந்தது. பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில், மாடலும் டிராயிங்கும் முரண்பட்டால் டிராயிங்கே செல்லும் என்று இருந்தது. மெட்டீரியல் காசு, மெஷின் நேரம் எல்லாம் பட்டறை தலையில். ஓனர் ஒரு வார்த்தை பேசவில்லை, மறு ஆர்டர் வேண்டுமே. அன்று மாலை கம்ப்யூட்டர் திரைக்கு மேலே ஒரு தாள் ஒட்டினார். டிராயிங் இல்லாமல் மெஷின் ஏறக் கூடாது, டிராயிங்கிலும் மாடலிலும் ரிவிஷன் எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் எழுதியிருந்தது.

எனக்கு இதில் ஆத்திரம் வருவது எங்கே என்றால், இதற்கு மருந்து இருக்கிறது. 2014ல் வந்த ஸ்டெப்பின் புதுப் பதிப்பு ஏ.பி.242. அதில் ஹெச்7 மாதிரியான டாலரன்ஸையும் எந்த ஓட்டைக்கு என்று கைகாட்டி ஃபைலுக்குள்ளேயே வைக்கலாம், படிக்கிற சாஃப்ட்வேருக்குப் புரிகிற மாதிரி. ஆனால் அனுப்புகிறவர் அதை மாடலில் உட்கார்ந்து போட வேண்டும், அவரது சாஃப்ட்வேர் அதை எழுத வேண்டும், பட்டறையின் சாஃப்ட்வேர் அதைப் படிக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் பழைய கதைதான். டாலரன்ஸ் போட டிசைன் ஆளுக்கு அரை நாள் ஆகும், போடாவிட்டால் நஷ்டம் அவருக்கு இல்லை. அப்புறம் ஏன் போடப் போகிறார்? அமெரிக்காவிலேயே 1999ல் ஒரு ஆய்வு செய்தார்கள். கார் தொழிலில் மட்டும், ஃபைல் ஒழுங்காகப் போய்ச் சேராததால் வருஷத்துக்குக் குறைந்தது 100 கோடி டாலர் நஷ்டம் என்று கணக்கு வந்தது. அம்பத்தூருக்கு அப்படி யாராவது கணக்குப் போட்டால் படிக்க ஆசையாக இருக்கிறது.

ஒரே சாஃப்ட்வேரை எல்லோரும் வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு ஏ380 கதையைச் சொல்லுங்கள். உலகத்திலேயே பெரிய பயணிகள் விமானம். உள்ளே ஓடும் ஒயர் மட்டும் சுமார் 530 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரையைத் தாண்டிவிடும்! ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் செய்து, பிரான்சின் துலூஸுக்குக் கொண்டுவந்து மாட்டினால், ஒயர் எட்டவில்லை. இரண்டு ஊரிலும் கேட்டியாதான். ஆனால் ஹாம்பர்க்கில் நாலாம் பதிப்பு, துலூஸில் ஐந்தாம் பதிப்பு. பெயர் ஒன்று, உள்ளே வேறு. ஒரு பக்கம் செய்த மாற்றம் மறுபக்கம் ஒழுங்காகப் போகவில்லை. 2006ல் விஷயம் வெடித்து, ஜூலையில் ஏர்பஸ் தலைவரும் தாய்க் கம்பெனியின் இரு தலைவர்களில் ஒருவரும் ராஜினாமா செய்தார்கள். விமானம் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் தாமதமாகி, 2007 அக்டோபரில்தான் முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்குப் போனது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே இந்தக் கதி. அங்கே தலைவர் வீட்டுக்குப் போனார், இங்கே ஓனர் 30 பீஸுக்குக் காசு கட்டினார்.

சரி, ஃபைல் வந்தாயிற்று, சாலிட் திறந்துவிட்டது. இனி மெஷினிங் சாஃப்ட்வேர். எந்த டூல், எந்த ஸ்பீடு, எந்தப் பாதை என்று புரோகிராமர் முடிவு செய்ததும் சாஃப்ட்வேர் ஒரு பாதையைக் கணக்குப் போடும். அந்தப் பாதை இன்னும் எந்த மெஷினுக்கும் உரியதல்ல. டூல் முனை இங்கே போ, அங்கே போ என்ற பொதுவான பட்டியல். 1950களின் கடைசியில் எம்.ஐ.டி.யில் டக்ளஸ் ராஸ் குழு செய்த ஏ.பி.டி. மொழியிலேயே இந்த ஏற்பாடு வந்துவிட்டது. முதலில் பொதுக் கணக்கு, அப்புறம் அந்தந்த மெஷினின் பாஷைக்கு மாற்றுகிற போஸ்ட் பிராசஸர். சுருக்கமாக 'போஸ்ட்'. "இந்த மெஷினுக்கு போஸ்ட் இருக்கா?" என்று பட்டறையில் கேட்பது இதைத்தான். தபால் இல்லை.

காஞ்சிபுரம் பட்டு நெசவில் இதே ஏற்பாடு கம்ப்யூட்டருக்கு முன்பே உண்டு. டிசைனை கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகப் போடுவார்கள். அப்புறம் அதைப் பார்த்து அட்டையில் துளை போடுவார்கள். துளை இருந்தால் இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டி அந்த அட்டையைப் படிக்கும். பிரான்சின் லியோன் நகரில் ஜக்கார்டு என்பவர் 1804 வாக்கில் செய்த இயந்திரம். கிராஃப் ஒன்றுதான், ஆனால் 240 ஊசிப் பெட்டிக்கு அடித்த அட்டையை 120 ஊசிப் பெட்டியில் மாட்ட முடியாது. அதற்குத் தனியாக அடிக்க வேண்டும். அந்த அட்டை அடிக்கிறவர்தான் போஸ்ட் பிராசஸர். எங்கள் ஊர்ப் பக்கம் விசைத்தறி சத்தத்திலேயே வளர்ந்த எனக்கு, லேபில் சார் போஸ்ட் பிராசஸர் என்று ஒரு மணி நேரம் விளக்கியதைவிட இந்த அட்டைதான் சட்டென்று புரிந்தது.

போஸ்ட் கக்குவது ஜி கோட். 1952ல் எம்.ஐ.டி.யில் காகித நாடாவில் துளை போட்டு மில்லிங் மெஷினை ஓட்டிக் காட்டினார்கள், அதன் வாரிசு. ஐ.எஸ்.ஓ. 6983 என்று உலகத் தரம் இருக்கிறது, ஆனால் ஃபானுக் பேசுவது ஒரு வட்டாரவழக்கு, சீமென்ஸ் பேசுவது ஒன்று, ஹைடன்ஹைன் கேட்கவே வேண்டாம், தனக்கென்று தனி மொழியே வைத்திருக்கிறது. புள்ளி விஷயம் ஒன்று போதும் உதாரணத்துக்கு. ஃபானுக்கின் வழக்கமான செட்டிங்கில் எக்ஸ் 100 என்று எழுதி கடைசியில் புள்ளி வைத்தால் 100 மில்லிமீட்டர். புள்ளி வைக்காவிட்டால் 100 மைக்ரான், அதாவது 0.1 மில்லிமீட்டர். ஒரு பாராமீட்டரை மாற்றினால் இரண்டும் 100 மில்லிமீட்டர் ஆகிவிடும். ஆகவே பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு மெஷின்களில் ஒரே புரோகிராம் இரண்டு விதமாக ஓடலாம். புள்ளி போடாத போஸ்ட்டை நம்பி ஒருவரும் ஸ்டார்ட் பட்டனை அமுக்க மாட்டார்கள்.

பழைய மெஷின்களில் இன்னொரு அழகு, மெமரியை மீட்டரில் சொல்வார்கள். கிலோபைட் இல்லை, மீட்டர்! 80 மீட்டர் மெமரி என்றால், 80 மீட்டர் காகித நாடாவில் எவ்வளவு எழுத்து கொள்ளுமோ அவ்வளவு. இஞ்சுக்கு 10 எழுத்து, ஆக சுமார் 31,500 எழுத்து. வரிக்கு 22 எழுத்து என்றால் 1,400 வரிகூடக் கிட்டத்தட்டத்தான். ஒரு மோல்டின் ஃபினிஷிங் புரோகிராம் லட்சக்கணக்கான வரி போகும். அதனால் கம்ப்யூட்டரிலிருந்து ஒயர் இழுத்து, சொட்டுச் சொட்டாக ஊட்டிக்கொண்டே ஓட்டுவார்கள், ஆஸ்பத்திரி டிரிப்ஸ் மாதிரி. 9600 வேகத்தில் செகண்டுக்கு 960 எழுத்து, 43 வரி. ஒவ்வொரு வரியும் 0.1 மில்லிமீட்டர் நகர்வு என்றால் நிமிஷத்துக்கு 260 மில்லிமீட்டருக்கு மேல் மெஷின் ஓடவே முடியாது. நீங்கள் 2000 என்று ஃபீடு போட்டாலும் மெஷின் நின்று நின்று, அடுத்த வரி எங்கே என்று வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். நின்ற இடத்தில் எல்லாம் பரப்பில் தழும்பு. டிசைனில் தப்பில்லை, பாதையில் தப்பில்லை, ஒயரில் தப்பு. புது மெஷின்களில் யு.எஸ்.பி.யும் நெட்வொர்க்கும் வந்து இது தீர்ந்துவிட்டது. பழையதை வாங்கி ஓட்டும் பட்டறைகளில் அந்த ஒயர் இன்னும் தொங்குகிறது.

ஜி கோட்டையே தூக்கிவிட்டு, "இங்கே ஹெச்7 ஓட்டை, அங்கே பாக்கெட்" என்று மெஷினுக்கு நேரடியாகச் சொல்லும் ஸ்டெப் என்.சி. என்ற தரம் 2000களிலேயே வந்தது. நன்றாக யோசித்துச் செய்தது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கிற மெஷினை யார் அதற்காகத் தூக்கிப்போடுவார்கள்? ஆய்வுக்கூடங்களில் ஓடியது, காக்களூருக்கு வரவில்லை. அதற்குப் பதிலாக வந்தது, டிசைனும் மெஷினிங்கும் ஒரே சாஃப்ட்வேருக்குள் இருக்கும் ஏற்பாடு. சாலிட்வொர்க்ஸுக்குள்ளேயே உட்காரும் கேம்வொர்க்ஸ் நம் நாட்டு ஜியோமெட்ரிக் கம்பெனியிடம் இருந்து, 2017ல் ஹெச்.சி.எல்.லுக்குப் போனது. ஒரே கூரைக்குள் இருந்தால் ஃபைல் மாற்றும் தொல்லை இல்லை, அளவு மாறினால் பாதையும் மாறும். சொந்தமாக டிசைன் பண்ணிச் சொந்தமாகச் செய்கிறவர்களுக்கு அருமை. ஜாப் எடுத்துச் செய்யும் பட்டறைக்கு நாலு கஸ்டமர், நாலு சாஃப்ட்வேர். ஒவ்வொன்றுக்கும் பல லட்சம் கொடுத்து வாங்கவா முடியும்? அவர்களுக்கு ஸ்டெப்தான். (நமக்கு ஃப்ரீகேட் இருக்கிறது, இலவசம், ஸ்டெப்பைத் திறக்கும், பாதைகூடப் போடும். 2024 நவம்பரில்தான் 1.0 வந்தது. கிராக் சாஃப்ட்வேர் தேடுவதை விட்டுவிட்டு அதை இறக்கிப் பாருங்கள் மக்களே.)

ஒன்று மட்டும் எந்த ஏற்பாட்டிலும் சரியாக வரவில்லை, திரும்பும் பாதை. டிசைனிலிருந்து மெஷினுக்குப் போக வழி இருக்கிறது, மெஷினிலிருந்து டிசைனுக்கு வர வழி இல்லை. நான் இருந்த பட்டறையில் ஒரு ஆப்பரேட்டர். ஒரு மூலையில் கட்டர் அதிர்ந்து சத்தம் போடுகிறது என்று மெஷின் பக்கத்திலேயே ஃபீடை 800லிருந்து 650க்குக் குறைத்தார். பீஸ் கண்ணாடி மாதிரி வந்தது. அந்த மாற்றம் மெஷின் மெமரியில் இருக்கும் ஜி கோட்டில் மட்டும். அடுத்த மாதம் அதே ஜாப் மறுபடி வந்தால், புரோகிராமர் கம்ப்யூட்டரிலிருந்து புதிதாக போஸ்ட் பண்ணி அனுப்புவார், பழைய 800தான் வரும். அதனால் அந்த ஆப்பரேட்டர் மெஷின் கதவின் உள்பக்கம் மாஸ்கிங் டேப்பில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதி ஒட்டிவைத்திருக்கிறார்: எந்த ஜாப், எந்த டூல், எந்த மூலை, எவ்வளவு ஃபீடு. கூலண்ட் பட்டுப் பாதி எழுத்து அழிந்திருக்கும். புரோகிராமர் அண்ணன் போஸ்ட் அமுக்குவதற்கு முன்னால் எழுந்துபோய், கதவைத் திறந்து, அதைப் படித்துவிட்டு வந்து உட்காருவார்.